அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் இந்த ஊர்த் தேர்தலும்

மேங்கேட்டோ, மினசோட்டா
14-10-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் அம்மாவும் தம்பி வீட்டாரும் நலமா? போன் போட்டால் அம்மாதான் பாதி நேரம் பேசுகிறார். உங்களிடம் "பிரஷர் மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பதற்குள் எனக்கு டியூட்டி நேரம் வந்துவிடுகிறது. உங்களிடம் மட்டும் சொல்ல ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனசில் இருக்கிறது. போனில் அது சரிப்படாது, அதனால் எழுதுகிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. மேப்பிள் மரங்கள் சிவந்து கொட்டுகின்றன. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை மக்காச்சோளமும் சோயாவும்தான், இப்போது அறுவடை நடக்கிறது. ராத்திரி டியூட்டி முடிந்து வரும்போது வயல் நடுவே பெரிய விளக்குகளோடு அறுவடை இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். சம்பளம் ஒழுங்காக வருகிறது. அரிசி பருப்பு வாங்க மினியாபொலிஸ் பக்கம் போக வேண்டியிருப்பதைத் தவிர வேறு குறை இல்லை.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் முன்னாள் பட்டாளத்துக்காரர்கள் நிறைய. வியட்நாம் போனவர்கள், அதற்கும் முன்னால் கொரியா போனவர்கள். படைப்பிரிவின் பெயர் போட்ட தொப்பியைச் சாப்பாட்டு மேஜையில்கூடக் கழற்ற மாட்டார்கள். அவர்களைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், முன்பின் தெரியாதவர்கள் வந்து "உங்கள் சேவைக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். முதல் முறை அதைக் கேட்டபோது, நீங்களும் பட்டாளத்தில் இருந்தவராயிற்றே, உங்கள் ஞாபகம்தான் வந்தது. நம் வேலூர்ப் பக்கம் எத்தனையோ வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆனாலும் பட்டாளத்துக் கேண்டீன் கார்டில் ஏதாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்டவர்கள்தான் அதிகம், நன்றி சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட தேசத்தில், தேர்தல் வந்ததும், பட்டாளத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர்களின் சேவையையே பொய் என்று டிவியில் இழிவாகப் பேசுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த மாதம் 5ஆம் தேதி ஜனாதிபதி தேர்தல். கமலா ஹாரிஸோடு துணை ஜனாதிபதி பதவிக்கு நிற்கும் டிம் வால்ஸ் இந்த மாநில கவர்னர். அதற்கும் முன்னால் இதே மேங்கேட்டோவில் பள்ளிக்கூட வாத்தியார். என்னோடு வேலை செய்யும் பெண்ணே அவரிடம் பூகோளம் படித்தவள். அவர் 17 வயதில் நேஷனல் கார்டில் சேர்ந்து 24 வருஷம் இருந்தவர். சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே மாதா மாதம் பயிற்சிக்குப் போக வேண்டும், கூப்பிட்டால் கிளம்ப வேண்டும், அந்த மாதிரிப் படை. 2005 மே மாதம் ஓய்வு பெற்று, காங்கிரஸ் என்கிற இந்த நாட்டு நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்றார். ஜூலையில் அவருடைய பட்டாலியனுக்கு இராக் போகத் தயாராகும்படி உத்தரவு வந்தது, அடுத்த வருஷம் போனார்கள். போர் வருகிறது என்று தெரிந்து ஓடிவிட்டார் என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் அவர் தேர்தலுக்கு மனு கொடுத்தது அந்த வருஷம் பிப்ரவரியிலேயே.

ரேங்க் விஷயத்திலும் தகராறு. கமாண்ட் சார்ஜண்ட் மேஜராக வேலை பார்த்தது உண்மை. அதற்குரிய கோர்ஸை முடிக்காததால் ஓய்வூதியக் கணக்கில் ஒரு படி கீழே, மாஸ்டர் சார்ஜண்ட். உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, டிவியில் பேசுகிறவர்களுக்குத்தான் புரியவில்லை. அவர் மேலும் தப்பு இருக்கிறது. 2018இல் துப்பாக்கிச் சட்டம் பற்றிப் பேசும்போது, போரில் தான் சுமந்த ஆயுதம் என்று சொல்லியிருக்கிறார். அவர் போர்முனைக்குப் போனதே இல்லை. அதைக் கேட்க வேண்டியதுதான், கேட்டார்கள், தவறிச் சொன்னது என்று அவர் தரப்பில் ஒப்புக்கொண்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். 24 வருஷத்தையும் பொய் என்கிறார்கள்.

டிரம்ப்போடு சேர்ந்து துணை ஜனாதிபதி பதவிக்கு எதிர்த்து நிற்கும் ஜே.டி. வான்ஸும் மரீன் படையில் இருந்தவர்தான். 2005இல் இராக் போனார், அங்கே செய்தி எழுதும் வேலை. உடனே வால்ஸ் பக்கத்துக்காரர்கள், அவர் பேனா பிடித்தவர்தானே என்று கேலி செய்கிறார்கள். இருபது சொச்ச வயதுப் பையன் இராக் போய் வந்ததை இப்படி இளப்பமாகப் பேசலாமா அப்பா? எனக்கு இரண்டு கட்சியும் ஒன்றுதான், ஓட்டும் கிடையாது.

இது புதுப் பழக்கமில்லை. 2004இல் ஜான் கெர்ரி ஜனாதிபதி பதவிக்கு நின்றார். வியட்நாமில் ஆற்றுப் படகு ஓட்டி, வெள்ளி நட்சத்திரம், வெண்கல நட்சத்திரம், காயத்துக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட் மூன்று வாங்கியவர். திரும்பி வந்ததும் 1971இல் நாடாளுமன்ற மேல்சபையான செனட்டின் கமிட்டி முன்னால் போய் அந்தப் போரே தப்பு என்று சாட்சி சொன்னார். அந்தக் கோபத்தை முப்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்த சில முன்னாள் படகுக்காரர்கள், அவர் வாங்கிய மெடல் எல்லாம் பொய் என்று விளம்பரம் எடுத்தார்கள். விளம்பரம் முதலில் ஓடியது ஒஹையோ, விஸ்கான்சின், மேற்கு வர்ஜீனியா என்று மூன்றே மாநிலத்தில். ஆனால் செய்தி சேனல்களில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் அதையே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டி, 'உண்மையாக இருக்குமோ' என்று வாரக்கணக்கில் பேசி, காசு வாங்காமலே நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

கெர்ரி தண்ணீரிலிருந்து தூக்கிக் காப்பாற்றிய சிப்பாய் ஜிம் ராஸ்மன் எதிர்க்கட்சிக்காரர். அவரே மேடையேறி, என் உயிரைக் காப்பாற்றியவர் இவர் என்று சொன்னார். அன்றைக்கு அங்கே எதிரி சுடவே இல்லை என்று சாதித்த ஒருவருக்கு அதே நாளுக்காகக் கொடுத்த மெடல் பத்திரத்தில், எதிரி சுட்டுக்கொண்டிருந்ததாகவே எழுதியிருந்தது. கட்சி வேறானாலும் ஜான் மெக்கெய்ன் இந்த விளம்பரம் நேர்மையற்றது என்று கண்டித்தார். வியட்நாம் போரில் எதிரியிடம் பிடிபட்டு ஹனோய் சிறையில் ஐந்தரை வருஷம் கிடந்தவர் அவர். என்ன பிரயோஜனம்? கெர்ரி தோற்றார். தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த விளம்பர வேலைக்கு ஆலோசகராக இருந்த கிறிஸ் லாசிவிடாதான் இந்த வருஷம் டிரம்ப்பின் பிரசாரத்தை நடத்தும் இருவரில் ஒருவர். அந்த மெக்கெய்னையே 2015இல் டிரம்ப், பிடிபடாதவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும் என்று சொன்னவர்.

என்னால் தாங்கவே முடியாதது மேக்ஸ் கிளீலண்ட் கதைதான். ஜார்ஜியா மாநிலத்து செனட்டர். 1968 ஏப்ரலில் வியட்நாமில் கே சான் பக்கத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கியபோது தரையில் ஒரு கையெறி குண்டு கிடந்தது. தன்னுடையதுதான் விழுந்துவிட்டது என்று குனிந்து எடுக்கப் போனார், வெடித்தது. இரண்டு காலும் வலது கையும் போயிற்று. வயது 25. அந்தக் குண்டு வேறொரு சிப்பாயிடமிருந்து விழுந்தது என்று அவருக்கே முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அப்படிப்பட்டவர் 2002இல் மறுபடி நின்றபோது, பின்லேடன், சதாம் உசேன் படங்களோடு விளம்பரம் போட்டு, நாட்டுப் பாதுகாப்பில் அக்கறை இல்லாதவர் என்றார்கள். ஜெயித்தவர் பட்டாளத்துக்கே போகாதவர். அதோடு விட்டார்களா? 2004இல் ஆன் கூல்டர் என்கிற பத்தி எழுத்தாளர், அவர் கை கால் இழந்தது போரில் இல்லை, வெறும் விபத்தில், அவரை வீரர் என்று சொல்லக் கூடாது என்று எழுதினார். போர்க்களத்துக்குப் போகாதவனுக்கு அந்த விபத்து எப்படி நடக்கும்?

2020இல் டாமி டக்வொர்த். இராக்கில் ஹெலிகாப்டர் ஓட்டும்போது ராக்கெட் பட்டு இரண்டு காலையும் இழந்தவர், இப்போது செனட்டர். டிவியில் டக்கர் கார்ல்சன் அவரைக் கோழை என்று சொன்னார்! சொன்னவர் பட்டாளத்துப் பக்கமே போகாதவர்.

இதையெல்லாம் இல்லத்து ஹாலில் டிவியில் பேசும்போது தாத்தாக்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். 92 வயதுக்காரர் ஒருவர், கொரியாவில் பட்டாளத்துச் சமையல்காரராக இருந்தவர். 1973இல் செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து 1.6 கோடிக்கும் மேலான சர்வீஸ் கோப்புகள் எரிந்துபோயின, அதில் இவருடையதும் போயிற்று. நல்ல வேளையாக இவருடைய அம்மா டிஸ்சார்ஜ் பத்திரத்தை, அதாவது பட்டாள வேலை முடிந்து விடுவித்ததற்கான சான்றை, நம் மாவட்டம் மாதிரியான கவுண்டி அலுவலகத்தில் பதிவு செய்து வைத்திருந்தார். அந்த நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலைமாட்டு டிராயரில் வைத்திருக்கிறார். போன வாரம் ஒரு பேச்சாளர், 'போர்முனையைப் பார்க்காதவரெல்லாம் சிப்பாயா' என்று கத்திக்கொண்டிருந்தபோது, இவர் என்னைக் கூப்பிட்டு அந்த உறையை எடுத்துத் தரச் சொன்னார். தொடை மேல் வைத்து, தன் பெயர் இருக்கும் வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "பனியில் விறைச்சு வந்தவங்களுக்குச் சுடச்சுடச் சாப்பாடு போட்டேன். அது கணக்கில் வராதா?" என்று கேட்டார். வரும் தாத்தா, கட்டாயம் வரும் என்று சொல்லிவிட்டு டிவியை நிறுத்தினேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்பா, எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெரியக்கா கல்யாணப் பந்தியில் நம் சொந்தக்காரரே ஒருத்தர், "மாமா, நீங்க லாரி ஓட்டினவர்தானே, துப்பாக்கியை எங்கே பிடிச்சீங்க?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் பாயசத்துக்குக் காத்திராமல் இலையை மூடிவிட்டு எழுந்து போனீர்கள். 1999இல் கார்கில் போரில் திராஸ் பக்கம் ரோடு மேலேயே குண்டு விழுந்ததும், விளக்கைப் போடாமல் ராத்திரியில் குண்டுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதும் அந்த ஆளுக்குத் தெரியாது. நீங்கள் யாரிடமும் சொல்லவும் இல்லை. எனக்கே அம்மா சொல்லித்தான் தெரியும். நீங்கள் கொண்டுபோன குண்டு இல்லாமல் மேலே இருந்தவர்கள் எதைச் சுட்டிருப்பார்கள்?

அரசியலுக்கு வந்தவரைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். எங்கே இருந்தாய், எத்தனை வருஷம், என்ன ரேங்க் என்று கேட்கட்டும், பத்திரத்தை வாங்கிப் பார்க்கட்டும், பொய் சொல்லியிருந்தால் ஊரறியச் சொல்லட்டும். அவர் எப்படி ஓட்டுப் போட்டார், என்ன சட்டம் கொண்டுவந்தார் என்று கிழித்துத் தொங்கவிடட்டும். பத்திரத்தில் இருப்பதைப் படித்த பிறகும் அதையே பொய் என்று சொல்கிறார்களே, அதுதான் அநியாயம். அடி ஒருத்தர் மேல் மட்டும் விழவில்லை. சமையல் செய்தவர், லாரி ஓட்டியவர், கணக்கு எழுதியவர், மருந்து கட்டியவர் எல்லார் மேலும் விழுகிறது.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். பேங்கில் போய் நிற்க வேண்டாம், தம்பியிடம் சொல்லி போனிலேயே போட்டுவிடுங்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புத்தகமும் பென்ஷன் ஆர்டரும் இன்னும் அந்தத் தகரப் பெட்டியில்தான் இருக்கின்றனவா? எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். இன்னொன்றும் செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது போனை அம்மாவிடம் கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். திராஸ் ரோட்டில் நடந்ததை முதலிலிருந்து நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் மகள்