கில்மைனம் முற்றத்தில் இரண்டு சிலுவைகள்

டப்ளின், அயர்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நாங்கள் எல்லாரும் சுகம். "அந்த ஊர்ச் சாமியார்கள் இங்கிலீஷ்காரனோடு நின்றார்களா, ஜனங்களோடா?" என்று போனில் கேட்டீர்களே, டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் நின்றிருக்கிறார்கள், அப்பா.

போன ஞாயிறு பூசை முடிந்து கில்மைனம் சிறைக்குப் போனோம். இங்கிலீஷ்காரன் ஆட்சியை எதிர்த்த 1916 ஈஸ்டர் எழுச்சிக்காக 14 பேரை மே 3 முதல் 12 வரை அங்கேதான் சுட்டார்கள். கல்லுடைக்கும் முற்றம். சுற்றிலும் உயரமான சுவர். ஒரு கோடியில் கறுப்புச் சிலுவை ஒன்று. எதிர்க்கோடியில், வாசலை ஒட்டி, இன்னொன்று. அது அந்த எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான ஜேம்ஸ் கானலிக்கு. காயம்பட்டு நிற்கமுடியாமல் கிடந்தவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து, நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். அவருக்கு நற்கருணை நன்மை கொடுத்து, கடைசிவரை கூடவே வந்தவர் கப்புச்சின் சபை அலோசியஸ் சாமியார். அந்த இடத்தில் நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

ஆயர்கள் கதை வேறு. இங்கிலீஷ்காரனை எதிர்த்த 1798 கலகத்தில் வெக்ஸ்ஃபோர்டில் ஜான் மர்ஃபி சாமியார் குடியானவர்களுக்கு முன்னே நடந்து உயிரையே கொடுத்தார்; ஆயர்கள் கலகத்தைக் கண்டித்தார்கள். மூன்று வருஷம் முன்புதான் ஆயர்களுடைய மேனூத் குருமடம் அரசாங்கப் பணத்தில் தொடங்கியிருந்தது. 1918-இல் இங்கிலீஷ்காரன் கட்டாய ராணுவச் சேர்ப்பு என்றதும் ஆயர்களே எதிர்த்தார்கள். கோயில் வாசல்களில் ஜனங்கள் அதை எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு ஆறாதது 1922. இங்கிலாந்தோடு செய்த உடன்படிக்கையை ஏற்காமல், புதிய ஐரிஷ் அரசை எதிர்த்துச் சண்டை போடுகிறவர்களுக்குப் பாவமன்னிப்பும் கிடையாது, நன்மையும் கிடையாது என்று அக்டோபரில் ஆயர்கள் சுற்றுமடல் விட்டார்கள். அப்படி எதிர்த்தவர்கள் தரப்பில் இருந்த டி வலேராவே பிறகு ஆட்சிக்கு வந்து, 1937 அரசியல் சட்டத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனி இடம் எழுதிவைத்தார். 1972-இல் மக்கள் ஓட்டுப்போட்டு அதை எடுத்துவிட்டார்கள்.

என் வார்டில் ஒரு பாட்டி இருக்கிறார். அவருடைய அப்பா 1922 சண்டையில் அரசை எதிர்த்து நின்றவர். நன்மை வாங்க முழந்தாளிட்டிருந்தவரைச் சாமியார் தாண்டிப் போய்விட்டாராம். அதற்குப் பிறகு சாகும்வரை ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் கோயிலுக்குள் அனுப்பிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நிற்பாராம். சொல்லும்போது பாட்டி என் கையை விடவே இல்லை.

நம் கோயிலில் அந்த மனிதருக்காக ஒரு பூசை கேட்டு வையுங்கள், அப்பா. பேரைப் போனில் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மகள்