மறதிநோய்: கேள்வி பதில் மட்டும் போதாது

மூளையின் மின் அலைப் பதிவுகளை (இ.இ.ஜி.) செயற்கை நுண்ணறிவால் ஆராய்ந்து மறதிநோயை முன்கூட்டியே கண்டறிவது பற்றிய தங்கள் செய்தியை ஆர்வத்துடன் படித்தேன். இந்த முயற்சி அவசியமானது. ஏனெனில், இப்போது பெரும்பாலும் முதலில் செய்யப்படும் கேள்வி பதில் சோதனையில், நோய் இருந்தாலும் படித்தவர்கள் எளிதில் தேறிவிடக்கூடும். ஆசிரியையாக இருந்த என் அம்மாவிடம் மருத்துவர் கிழமையைக் கேட்டார். அம்மா மேசையில் கிடந்த நாளிதழை ஓரக்கண்ணால் பார்த்துச் சரியாகச் சொல்லிவிட்டார்! "வயதானால் வருகிற மறதிதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் நோய் உறுதியானபோது, வீட்டுக் கணக்கைக்கூட அவரால் பார்க்க முடியவில்லை.

மூளை அலைகளை அப்படி மறைக்க முடியாது. மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோயில் அவற்றின் வேகம் குறைவது நெடுநாளாகத் தெரிந்ததே. கண்ணுக்குத் தப்பும் சிறு மாற்றத்தையும் கணினி பிடிக்கக்கூடும் என்பதே புதிது. இ.இ.ஜி. கருவி ஸ்கேன் கருவிகளைவிட மலிவானது, ஊசியும் கதிர்வீச்சும் இல்லை. சரி, கணினி சொன்னால் முடிந்ததா? இல்லை. வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஆகவே, நம்பகத்தன்மை உறுதியானதும் இச்சோதனையை முதியோர் உடல் பரிசோதனையில் சேர்க்கலாம். ஆனால் அதன் முடிவை வெறும் தாளாக நீட்டாமல், இந்தக் காரணங்களையும் பார்த்த பிறகு, குடும்பத்தாரை உட்காரவைத்து மருத்துவரே விளக்க வேண்டும்.

- ஒரு வாசகர்