பிள்ளை தூங்கும்போது நானும் தூங்குகிறேன்

மகளுக்கு வருகிற புதன்கிழமை காதுகுத்து. பத்திரிகையில் தாய்மாமன் பெயரும் தாத்தா பாட்டி பெயர்களும் வரிசையாக இருக்கின்றன. அதில் இடம்பெறாதவர்களுக்கு இந்த மடல்.

பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் அழ ஆரம்பித்தேன். பால் போதவில்லை என்று அழுதேன், பூண்டுக் குழம்பில் உப்பில்லை என்றும் அழுதேன். பலருக்கும் வரும் இந்த அழுகை இரண்டு வாரத்தில் தானாக அடங்கிவிடுமாம். எனக்கு அடங்கவில்லை. ஐந்தாம் வாரத்தில் அழுகையும் போய், மனசு வெறுமனே கிடந்தது. தொட்டிலில் பிள்ளை தூங்கும், நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பார்க்க வந்தவர்கள் "பிள்ளை யார் ஜாடை?" என்று கேட்டார்கள். கண்ணேறு என்று கயிறு கட்டினார்கள். ஒரு மருத்துவமனையில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

நர்ஸ் அக்கா, ஆறாவது வாரத் தடுப்பூசி அன்று அட்டையை மூடி வைத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "பிள்ளை தூங்குறப்ப நீ தூங்குறியா?" இல்லை என்றேன். மறுநாளே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு என்னோடு பஸ் ஏறினீர்கள்.

டாக்டரம்மா, நீங்கள் கொடுத்த தாளில் பத்துக் கேள்விகள். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987 முதல் இருக்கும் எடின்பரோ அளவுகோல் என்றீர்கள். தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது பத்தாவது. அதற்கு நான் போட்ட டிக் உங்களுக்கும் எனக்கும் தெரியும். நீங்கள் பதறவில்லை, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். தைராய்டும் பார்க்கச் சொன்னீர்கள். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் கொஞ்சம்தான் கலக்கும், பாலை நிறுத்த வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் மாத்திரையை விழுங்கவே துணிந்தேன்.

அம்மா இல்லாத எனக்குப் பிள்ளைப்பேறு பார்த்தது அத்தைதான். "நாங்கல்லாம் பெக்கலையா?" என்று கேட்டதும் அத்தைதான். பிரசவத்துக்குப் பிறகு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்கிற ஹார்மோன்கள் சட்டென்று இறங்கிவிடும், அது போக உறக்கமும் இல்லையென்றால் சிலருக்கு இப்படி ஆகும் என்று டாக்டரம்மா விளக்கியபோது அத்தை வாயே திறக்கவில்லை. அன்றிரவு பிள்ளையைத் தன் பாயில் போட்டுக்கொண்டார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒருநாள் விடியும்வரை கிணற்றடியில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் சொன்னார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது, எவளாச்சும் படிக்கட்டும்" என்றார்.

வீட்டுக்காரர் பாத்திரம் கழுவினார், துணி அலசினார். நன்றி. "மனச தைரியமா வெச்சுக்கோ" என்ற அறிவுரையை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

அப்புறம், ஒரு நடுராத்திரி 14416க்கு அடித்தபோது, அரசின் மனநல உதவி அழைப்புச் சேவையான டெலி மானஸில் எடுத்துப் பேசிய குரல். தமிழில், அவசரமே இல்லாமல் பேசினீர்கள். பேர் கேட்கத் தோன்றவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியாயிற்று. நர்ஸ் அக்கா, புதன்கிழமை உங்களுக்குத் தடுப்பூசி நாள் என்று தெரியும். மதியச் சாப்பாட்டுக்காவது வந்துவிடுங்கள். அத்தை உங்களுக்கென்று தனியாக எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.