பாடல் கட்டியவர் கேட்டிருக்கப் பாடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐக்கிய அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1941இல் பிறந்த கய் கிளார்க் என்ற பாடலாசிரியரை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே. அவருடைய 70ஆவது பிறந்தநாளையொட்டி 2011 நவம்பரில் வெளியான 'திஸ் ஒன்ஸ் ஃபோர் ஹிம்' என்ற இரட்டை இறுவட்டை அண்மையில் முழுமையாகக் கேட்டபோது, கிழக்கிலங்கையில், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் நம் கலைஞர்களைக் கௌரவிக்கும் முறை பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது.

அதிலுள்ள 30 பாடல்களும் கிளார்க் தனித்தோ பிறரோடு சேர்ந்தோ எழுதியவை. பாடியவர்களோ வில்லி நெல்சன், எம்மிலூ ஹாரிஸ், கிறிஸ் கிறிஸ்டோபர்சன் முதலிய பிறர். சிறுவயதில் தம் பாட்டியின் விடுதியில் பழகிய, எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழில் செய்த முதியவர் ஒருவரைப் பற்றிக் கிளார்க் இளமையில் ஒரு பாடல் எழுதியிருந்தார். அதை இந்த இறுவட்டில் பாடுபவர், 80 வயதை நெருங்கிக்கொண்டிருந்த வில்லி நெல்சன். இளைஞன் முதியவரைப் பார்த்து எழுதிய வரிகள் ஒரு முதியவரின் குரலில் வரும்போது, எழுதியவரே பாடிய பதிவில் இல்லாத ஒரு பொருள் அவற்றுக்குக் கிடைக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது அவருக்குச் செய்த பிரியாவிடையாக முடிந்துவிடவில்லை. 2013இல் அவர் தமது புதிய பாடல்களை வெளியிட்டார்; அத்தொகுப்பு அடுத்த ஆண்டில் சிறந்த நாட்டார் இசைத்தொகுப்புக்கான கிராமி விருதைப் பெற்றது. அவர் மறைந்தது 2016இல்தான்.

நம்மிடம் கூத்துப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியார் ஒருவரைக் கௌரவிப்பதென்றால், பிரதேச இலக்கிய விழாவில் பொன்னாடை, மலரில் ஒரு பக்கக் குறிப்பு, வாய்ப்பிருந்தால் அரசின் கலாபூஷணம் விருது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் மேடையில் பேசுவோர் அனைவரும் அவருடைய சேவையைப் புகழ்கிறார்களேயன்றி, அவர் கட்டிய ஒரு வரவுத் தருவையோ (பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் பாட்டு) விருத்தத்தையோ அங்கு எவரும் பாடுவதில்லை. அவை அவர் வீட்டுக் கொப்பியில் கிடக்கின்றன. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூல் 1947 ஜூனில் தமிழ்நாட்டின் திருக்கொள்ளம்புதூரில் அரங்கேறியது. ஜூலையில் அடிகள் மறைந்தார். அவ்வளவு பெரியவருக்கே தம் உழைப்பின் அரங்கேற்றத்தைக் காண எஞ்சியிருந்தது சில வாரங்கள்தான் என்றால், கிராமத்துப் புலவர்களின் நிலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

விடிய விடிய ஆடும் கூத்து முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுமாறு நான் கேட்கவில்லை. நம்மிடையே வாழ்ந்துகொண்டிருக்கும் அண்ணாவியார் ஒருவர் தாமே எழுதிய கூத்துகளிலிருந்து பத்துப் பன்னிரண்டு பாடல்களைத் தெரிந்தெடுத்து, மத்தளமும் சல்லரி என்னும் தாளமும் பிற்பாட்டும் அமைய, வேறு ஊர்க் கலைஞர்களும் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவக மாணவர்களும் பாடிப் பதிவுசெய்தால் போதும். பெண்களும் பாட வேண்டும். நெடுங்காலம் ஆண்களே நின்ற கூத்துக் களரியின் பாடல்கள் பெண்குரலில் எப்படி ஒலிக்கும் என்பதை எழுதியவரே கேட்டுப் பார்க்கட்டும். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பெண்களின் வாய்மொழிக் கவிகளுக்கு இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. ஆதலால் அங்கு முதலில் செய்ய வேண்டியது, அவற்றை நினைவில் வைத்திருக்கும் மூதாட்டிகளைப் பாடவைத்துப் பதிவதே.

அவ்வாறு வெளியிடுவோர் முன்னட்டையில் அனுசரணையாளரின் படத்தைப் போடாமல், பாடல் கட்டியவரின் பெயரையும் ஊரையும் போட வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அப்பாடல்களின் உரிமை இயற்றியவருக்கே உரியது. எனவே அவருடைய எழுத்துமூல அனுமதியைப் பெற்று, விற்பனையில் ஒரு பங்கை அவர் கையிலேயே கொடுப்பதும் கௌரவிப்பில் அடங்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஆரையம்பதி.