மத்திய வீதிக் கடையை உடைக்கும் கதை

அன்புள்ள மகளுக்கு,

இங்கே திருகோணமலையில் எல்லோரும் நலம். பத்திரகாளி அம்மன் துணையால் நீங்களும் சுகமாக இருப்பீர்கள். சித்தப்பா அனுப்பிய வரைபடம் உனக்கும் வந்திருக்கும். மத்திய வீதிக் கட்டடத்தை உடைத்து நான்கு மாடி எழுப்பவேண்டும் என்று நிற்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை.

அந்தக் கட்டடம் ஒரு தொழிலை நம்பி நின்றதில்லை, பிள்ளை. அப்பப்பா காலத்தில் கீழே புடவைக்கடை, மேலே தையற்கடை. ஆங்கிலேயக் கடற்படைக்காரர்தான் மேல்மாடிக்கு வாடிக்கை. 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போக, தையற்காரரும் போய்விட்டார். பிறகு டியூட்டரி, பிள்ளைகளுக்கு ரியூஷன் வகுப்பு. சண்டைக் காலத்தில் கொமினிகேஷன், காசு கொடுத்து வெளிநாட்டுக்குக் கோல் எடுக்கும் கடை. பலகையால் அடைத்த சின்னப் பெட்டிக்குள் ஒரு டெலிபோன். வெளியே வாங்கில் தாய்மார் காத்திருப்பார்கள். கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் பிள்ளையின் குரலைக் கேட்டதும் பேச்சு வராது, அழுகைதான் வரும். நிமிடத்துக்குக் காசு ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கீழே போன் திருத்தும் பெடியன்கள், மேலே லீசிங் கம்பனி.

2006 ஏப்ரல் 12, சந்தையில் குண்டு வெடித்த பிறகு கடைகளுக்குத் தீ வைத்தார்களே, அதில் நம்முடையதும் எரிந்தது. கூரை முழுதும் போனது. சுவர் நின்றது. ஒன்றரை அடித் தடிப்பில் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய சுவர். கரியைச் சுரண்டி, வெள்ளையடித்து, அதன்மேலேயே புதுக்கூரை போட்டோம். பலகைக் கதவைத்தான் மீட்க முடியவில்லை. ஒவ்வொரு பலகையிலும் அப்பப்பா உளியால் இலக்கம் வெட்டியிருந்தார். காலையில் கடைசி இலக்கத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டும். அந்த இடத்தில் போட்ட இரும்பு ஷட்டரைக் கடற்காற்று தின்கிறது.

கொங்கிறீட்டும் அதற்குத் தப்பாது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்து ஊதும், மேற்பூச்சு பிளந்து விழும். அப்புறம், வரைபடத்தில் விறாந்தையே இல்லை. மாரி மழைக்குச் சனம் எங்கே ஒதுங்கும்?

சித்தப்பாவுக்கு வாடகை வேண்டும், அது நியாயம். முன்பக்கத்தையும் விறாந்தையையும் விட்டுவிட்டுப் பின்வளவில் இரண்டு மாடி கட்டலாம் என்பது என் எண்ணம். காணி உறுதியில் உன் பெயரும் இருக்கிறது. கையெழுத்துக் கேட்டால் உடனே போட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை கோல் எடு, சித்தப்பாவையும் வரச்சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா