பெட்டை என்று விற்ற குஞ்சுகளில் பாதி சேவல்: இழப்பீடு கோரிப் புகார்

அனுப்புநர்:
மகளிர் குழு ஊக்குநர்,
செல்லம்பட்டி ஒன்றியம், உசிலம்பட்டி வட்டம்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
விற்பனை மேலாளர்,
கோழிக்குஞ்சுப் பொரிப்பகம்.

பொருள்: நிறம் பார்த்துப் பிரித்த பெட்டைக்குஞ்சு என்று கூறிச் சேவலும் பெட்டையும் கலந்த குஞ்சுகளை விற்றது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்கள் குழுவில் நான்கு பேர் சேர்ந்து, முட்டைக்காக வளர்க்க உங்களிடம் 100 ஒருநாள் குஞ்சுகள் வாங்கினோம். சிவப்புக் குஞ்சு எல்லாம் பெட்டை, வெள்ளைக் குஞ்சு எல்லாம் சேவல், தவறவே தவறாது என்று உங்கள் விளம்பரத் தாளில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் சேவலும் பெட்டையும் கலந்து விற்கும் குஞ்சைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்தோம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் பெட்டிகளை வாங்கிப் பிரித்தபோது அத்தனையும் செங்காவி நிறம், சிலவற்றின் முதுகில் மட்டும் மெல்லிய கோடு. சுறுசுறுப்பான குஞ்சுகள், ஆரோக்கியத்தில் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அவற்றில் 48 சேவல்கள்.

ஆறாவது வாரத்திலேயே சந்தேகம் வந்துவிட்டது. பாதிக் குஞ்சுகளுக்குக் கொண்டை எழும்பிச் சிவந்தது, தாடி தெரிந்தது, கால் தடித்தது. மீதிக்குக் கொண்டை சின்னதாக, வெளிறிய மஞ்சளாகவே இருந்தது. படம் எடுத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினோம். "சில பெட்டைக்கும் கொண்டை பெரிசா வரும், பொறுங்கம்மா" என்றார்கள். சரி என்று பொறுத்தோம். அப்புறம் கழுத்திலும் இடுப்பிலும் கூர்கூராக மினுமினுப்பான இறகு இறங்கி, ஒவ்வொன்றாகக் கூவத் தொடங்கிய பிறகு பொறுக்க என்ன இருக்கிறது?

மறுபடி கேட்டபோது, "வெயில் காலத்தில் முட்டைக்குச் சூடு கூடிப்போனால் சேவல் அதிகமாகப் பொரிக்கும்" என்று பதில் வந்தது. இதுதான் எங்களை ரொம்பவும் வருத்தியது. ஆமைக்கும் முதலைக்கும் முட்டையின் சூடு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கும். கோழிக்கு முட்டை வெளியே வருவதற்கு முன்பே அது முடிவாகிவிடும், அதை முடிவுசெய்வதும் தாய்க்கோழிதான். பொரிப்பகம் நடத்துகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் அதைச் சொல்லி யாரும் எங்களிடம் கூடுதல் விலை வாங்கியதில்லை.

தவறு எங்கே நடந்தது என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்கள். சேவலுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெட்டைக்கு ஒரே ஒரு இசட், கூட ஒரு டபிள்யூ. வெள்ளி நிறமா பொன் நிறமா என்பது இசட்டில்தான் இருக்கிறது. உங்கள் தாளில் சொல்லியிருப்பதுபோல, பொன் மரபணு உள்ள ரோட் ஐலண்ட் ரெட் இனச் சேவலை வெள்ளி மரபணு உள்ள வெள்ளை பிளைமவுத் ராக் இனப் பெட்டையோடு சேர்த்தால் கணக்கு பிசகாது. தாயின் வெள்ளி மரபணு மகனுக்கு மட்டுமே போகும், அது தகப்பனின் பொன் நிறத்தை அடக்கிவிடும், அதனால் சேவல் குஞ்சு வெள்ளையாக, வெளிர்மஞ்சளாகப் பிறக்கும். மகளுக்குத் தகப்பனிடமிருந்து ஒரு பொன் மரபணு மட்டும் வரும், அது சிவப்பாகப் பிறக்கும். குஞ்சின் பின்துவாரத்தைப் பார்த்துச் சொல்லும் ஜப்பானிய முறைக்குக் கை பழக நீண்ட காலப் பயிற்சி வேண்டும். நிறம் பார்க்கும் முறைக்கு ஒரு கண் போதும். ஆனால் அது அந்த ஒரு தலைமுறைக்கு மட்டும்தான்.

அப்படிப் பிறந்த சேவலையும் பெட்டையையும் வைத்து அடுத்த தலைமுறை எடுத்தால் எல்லாம் கலைந்துவிடும். சேவல் குஞ்சுகளில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. பெட்டைக் குஞ்சுகளிலும் அப்படியே. அதில் சிவப்பை மட்டும் பொறுக்கி 100 குஞ்சு அனுப்பினால் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். எங்களுக்கு வந்ததும் அதுதான். வேலையாள் கை தவறிப் போட்டிருந்தால் ஏழெட்டு சேவல் வந்திருக்கும், 48 வராது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அதே வாரம் உங்களிடம் வெள்ளைக் குஞ்சுகளைச் சேவல் என்று மலிவாக வாங்கினார், கறிக்காக. அவற்றில் பாதிக்குமேல் பெட்டை, இப்போது முட்டை இடுகின்றன. சிவப்பில் பாதி சேவல், வெள்ளையில் பாதி பெட்டை என்றால், தூய இனத் தாய்க்கோழிகளுக்குச் செலவழிக்காமல் நீங்கள் விற்கும் கலப்பினக் கோழிகளிலிருந்தே முட்டை எடுத்துப் பொரிக்கிறீர்கள் என்றுதான் நாங்கள் நினைக்க வேண்டியிருக்கிறது.

எங்களுக்கு இது சின்ன நட்டம் இல்லை. குழுக்கடனில் வாங்கியது, முட்டை விற்றுத் தவணை கட்டலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். இருபது வாரம் தீவனம் போட்டால்தான் முதல் முட்டை. அதில் பாதித் தீவனத்தை முட்டையே இடாத சேவல்கள் தின்றுவிட்டன. சேவல்களை உசிலம்பட்டிச் சந்தையில் கறிக்கு விற்றோம். அந்தப் பணத்தைக் கழித்துக்கொண்டுதான் கேட்கிறோம்.

48 குஞ்சுக்கும் பெட்டை விலைக்கும் கலந்து விற்கும் குஞ்சின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத் திருப்பித் தாருங்கள். சேவல்களுக்கான தீவனச் செலவில் விற்ற பணம் போக மீதியைத் தாருங்கள். ரசீதுகளும் படங்களும் இணைத்திருக்கிறோம். அந்த வாரம் பொரித்த குஞ்சுகளின் தாய்க்கோழி எது, தகப்பன் சேவல் எது என்று எழுத்தில் சொல்லுங்கள். கலப்பினக் கோழியிலிருந்து எடுத்த குஞ்சை நிறம் பார்த்துப் பெட்டை என்று விற்பதை உடனே நிறுத்துங்கள். எங்களைப் போல வாங்கியவர்கள் இன்னும் கொட்டகையில் தீவனம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்களை நீங்களே அழைத்துச் சொல்வது முறை.

கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம். பக்கத்து ஊர்க்காரரும் எங்களோடு கையெழுத்திடச் சம்மதித்திருக்கிறார்.

இப்படிக்கு,
மகளிர் குழு ஊக்குநர்
மற்றும் உறுப்பினர்கள் மூவர்