ஜென்பேங்க் பதிவு எண் ஒரு விருது அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

"எங்கள் ஊர் மண்ணில் கிடைத்த பாக்டீரியாவுக்கு அமெரிக்க மரபணு வங்கி அங்கீகாரம்" என்கிற தோரணையில் கல்லூரிச் செய்திகள் அவ்வப்போது வருகின்றன, மாணவியும் முதல்வரும் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தோடு. நானும் நுண்ணுயிரியல் நடத்துகிறவள்தான், பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மனசு வராது. ஆனால் அந்த வங்கி, அதாவது உயிரினங்களின் டிஎன்ஏ வரிசைகளைச் சேர்த்து வைக்கிற ஜென்பேங்க், யாரையும் அங்கீகரிப்பதில்லை. பதிவு எண் மட்டும்தான் தருகிறது. சான்றிதழ் பெரும்பாலும் கல்லூரியே அச்சடித்துக்கொள்வது!

1982-ல் தொடங்கிய வங்கி அது. ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் உள்ள இதே மாதிரி வங்கிகளோடு தினமும் தரவைப் பரிமாறிக்கொள்கிறது, ஏற்றுவதற்கும் காசில்லை, எடுப்பதற்கும் காசில்லை. மண்ணிலிருந்து பாக்டீரியாவைப் பிரித்து, பாக்டீரியாவை அடையாளம் காண உதவும் 16எஸ் மரபணுவைப் பிசிஆரில் பல நகலாகப் பெருக்கி, வெளியே ஒரு கம்பெனிக்கு அனுப்பினால் ஏறக்குறைய 1,500 டிஎன்ஏ எழுத்துள்ள வரிசை மெயிலில் வந்துவிடும். அதை ஏற்றினால் சில நாளில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஆறு இலக்கமுமாக ஒரு எண். அங்கே பார்ப்பதெல்லாம் படிவம் நிரம்பியிருக்கிறதா, வரிசையில் வேறு டிஎன்ஏ ஏதும் கலந்திருக்கிறதா, பெயர் வகைப்பாட்டுப் பட்டியலில் உள்ளதா என்பது மாதிரியான விஷயங்கள். இது நிஜமாகவே அந்த இனம்தானா என்பதற்குப் பொறுப்பு அனுப்பியவருடையது.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். எம்ஃபில் படிக்கும்போது பாசில்லஸ் என்கிற பாக்டீரியா வகை ஒன்றின் வரிசையை பிளாஸ்ட்டில் (வங்கியில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுக் காட்டும் தேடல் கருவி) போட்டு, முதல் வரியில் 99 சதவீதம் என்று வந்த பெயரை அப்படியே எழுதிப் பதிவு செய்தோம். 16எஸ்ஸை மட்டும் வைத்துப் பாசில்லஸில் பல இனங்களைப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆந்த்ராக்ஸ் கிருமிக்கும் சோற்றைக் கெடுக்கிற செரியஸுக்கும்கூட அந்த மரபணு கிட்டத்தட்ட ஒன்றேதான். இது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை. பிறகு உயிர்வேதியியல் சோதனை செய்தபோது பெயர் தப்பு என்று தெரிந்தது. சரி, திருத்தலாம் என்றால், பதிவு செய்தவர் கேட்டால்தான் திருத்துவார்கள், பதிவோ கைடின் கல்லூரி மெயிலில் இருந்து போனது, அவர் ஓய்வு பெற்று அந்த மெயிலும் போய்விட்டது. நானும் இரண்டு தடவை எழுதிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன், சோம்பல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்று யாரோ ஒரு மாணவர் தன் வரிசையை பிளாஸ்ட்டில் போட்டால் என்னுடைய தப்பும் பட்டியலில் வரும், அதைப் பார்த்து அவரும் அதே பெயரை எழுதுவார்.

நான் மட்டும் இல்லை. 2006-ல் வந்த ஓர் ஆய்வு, பொது வங்கிகளில் உள்ள பூஞ்சை வரிசைகளில் ஏறக்குறைய 20 சதவீதம் தப்பான இனப்பெயரில் இருக்கலாம் என்றது. 2008-ல் 250-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சியாளர்கள், மற்றவர்களும் பதிவில் குறிப்பு சேர்க்க வழி விடுங்கள் என்று கேட்டார்கள். ஜென்பேங்க் மறுத்துவிட்டது, ஆளாளுக்குக் கை வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும் என்று. அதிலும் நியாயம் இருக்கிறது.

அதற்காகப் படிவத்தை அலட்சியமாக நிரப்பலாம் என்றும் அர்த்தமில்லை. கொரோனா வைரஸின் வரிசை உலகத்துக்குக் கிடைத்தது 2020 ஜனவரி 11 வாக்கில். ஆனால் சீன ஆராய்ச்சியாளர் ஒருவர் 2019 டிசம்பர் 28-லேயே ஏறக்குறைய அதே வரிசையை ஜென்பேங்க்குக்கு அனுப்பியிருந்தார் என்பது 2024-ல்தான் வெளியே வந்தது. தொழில்நுட்ப விவரம் குறைகிறது என்று மூன்று நாளில் திருப்பிக் கேட்டார்கள், பதில் வரவில்லை, ஜனவரி 16-ல் அந்தப் பதிவு நீக்கப்பட்டது. உலகத்துக்குக் கிடைப்பதற்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் முன்பே வந்தும் அது பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

நம் ஊர்ப் பதிவுகள் பலவற்றில் இடம் என்கிற கட்டத்தில் "இந்தியா" என்று மட்டும் இருக்கும். எந்த மாவட்டம், வயலா உப்பளமா, எந்த மாதம் எடுத்தது, ஒன்றும் இருக்காது. நாடும் சேகரித்த தேதியும் இப்போது கட்டாயம் கேட்கிறார்கள், அதற்கு மேல் எழுதுவது நம் இஷ்டம். அதைவிடக் கொடுமை, வளர்த்து வைத்த பாக்டீரியாவே, அதாவது கல்ச்சரே, இல்லாமல் போவது. பிராஜெக்ட் முடிந்ததும் அது வளர்ந்த அகார் தட்டுகளை ஆட்டோகிளேவில் போட்டு, நீராவியில் கிருமியைக் கொன்று கழுவிவிடுகிறோம், அப்புறம் அந்த எண்ணுக்குப் பின்னால் மறுபடி சோதித்துப் பார்க்க உயிருள்ள ஒரு செல்கூட இருப்பதில்லை. சண்டிகரில் எம்டிசிசி போன்ற, நுண்ணுயிர்களை உயிரோடு காத்து வைக்கிற சேகரிப்பு மையங்கள் இருப்பதே இதற்காகத்தான், ஆனால் அங்கே அனுப்புவது செலவும் அலைச்சலும், எண் மட்டும் வாங்குவது சுலபம். ஆண்டறிக்கையில் எத்தனை எண் என்றுதானே கணக்குக் காட்டுகிறோம்?

உங்கள் நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தால் "அங்கீகாரம்" என்ற சொல்லை எடுத்துவிட்டுப் "பதிவு" என்று போடுங்கள். அப்படியே அந்த மாணவியிடம், அந்த பாக்டீரியா இப்போது எங்கே இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஃப்ரீசரில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் சொன்னால் படத்தைப் பெரிதாகவே போடலாம்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் உதவிப் பேராசிரியை,
திருநெல்வேலி மாவட்டம்.